பழைய கணினியும் புதுக் கடனும்

ரந்தாவ், சிலியாவ், பகாவ் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் நம் பெற்றோரிடையே ஒரு புதுப் பயம் புகுத்தப்பட்டிருக்கிறது. பிள்ளை படிக்கும் கணினி காலாவதியாகி விட்டதாம். அதை எறிந்துவிட்டு வேறொன்று வாங்காவிடில் கல்வியே பாழாகிவிடுமாம். இப்படிச் சொல்பவர் யார்? விற்பவர். நம்புகிறவர் யார்? 2025-ல் 1,700 ரிங்கிட்டாக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்தில் அரிசிக்கும் பஸ்ஸுக்கும் கணக்குப் பார்க்கும் தொழிலாளி.

உண்மையில் நடந்தது என்ன? மைக்ரோசாப்ட் கம்பெனி, 2015-ல் தான் வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயக்குமுறைக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திற்று. அன்றிரவு எந்தக் கணினியும் மாண்டுவிடவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றது, அவ்வளவே. அது அற்ப விஷயமென்று நாம் சொல்ல வரவில்லை. திருத்தமில்லாத கணினியில் பாங்குக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாளில்லாத வீட்டில் பணம் வைப்பதற்கு ஒப்பாகும். ஆனால் வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் பெற அக்கம்பெனியே வழி வைத்ததையும், பணம் கொடாமல் பெறும் முறையும் அதில் இருந்ததையும் எத்தனை கடைக்காரர் வலிய வந்து சொன்னார்கள்? புதிய விண்டோஸ் 11, தனிப் பாதுகாப்புச் சில்லு வேண்டுமென்கிறது. இன்டெல் கணினியானால், பொதுவாக 2017-ல் வந்த எட்டாந் தலைமுறை முதற்கொண்டே ஏற்கிறது. ஆகவே 2016-ல் வாங்கிய நல்ல யந்திரமும் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்படுகிறது. அதைக் கெட்டுப்போனதென்று சொல்வது எந்த நியாயம்?

1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று விலையின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் இயங்குகிறது. கட்டுரை எழுதவும், வலைவழிப் பாடம் கேட்கவும் அது போதும். கணினி ஆமைபோல் நகர்கிறதென்றால் பெரும்பாலும் குற்றம் உள்ளே சுழலும் பழைய வட்டில் இருக்கும். அதை மாற்றி எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தையும் சற்றுக் கூட்டினால், புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்கிலேயே வேலை முடியும். பலகை எரிந்துபோயிற்று, அல்லது பிள்ளையின் படிப்புக்கு அவசியமான மென்பொருள் அதில் ஓடாது என்றால் புதிது வாங்கத்தான் வேண்டும். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆசிரியரைக் கேட்டு நிச்சயித்துக்கொள்ளாமல் கடைக்குப் போவதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

நிற்க. கங்காணியின் முன்பணக் கடனோடு இந்நாட்டில் கால்வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் அநேகர். அந்தக் கங்காணி போனார். தவணைச் சீட்டு வந்தது. ரொக்கத்துக்கு 2,400 ரிங்கிட் விலையுள்ள கணினியை மாதம் 130 வீதம் 24 மாதம் கட்டி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,120. அதிகப்படியான 720 ரிங்கிட்டில் பிள்ளைக்கு ஒரு மேசையும், பல மாதத்து இணையக் கட்டணமும் கிடைத்திருக்குமே! 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கருவியில்லாத பிள்ளைகள் தவித்தது மெய். கருவியிருந்தும் அலைவரிசையில்லாமல் தவித்தவர்களும் உண்டு. சபாவில் ஒரு மாணவி மரத்தின்மேல் அமர்ந்து தேர்வெழுதியதை அவ்வாண்டு நாடே பார்த்தது. அவருக்குக் குறைவாயிருந்தது கணினியா?

பெற்றோர்மீது மட்டும் பழி போடுவதும் நமது நோக்கமன்று. 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டுமென்று முதலாளிமீது பொறுப்புச் சுமத்திற்று. பிள்ளைகளின் படிப்புச் செலவில் தோட்டத்துக்கும் பங்குண்டென்பது அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டதாகும். இன்று தோட்ட ஆபீஸ்களில் கணினிகளை மாற்றும்போது, பழையவற்றின் தகவல்களை அழித்துவிட்டு, அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எழுத்து மூலம் கேட்கவேண்டும்.

வீட்டில் மெய்யாகவே உயிர்போன கணினி இருந்தால், மின்கலத்தைத் தெரிந்தவரைக் கொண்டு எடுத்துவிட்டு, பிள்ளையின் கையில் ஒரு திருப்புளியைக் கொடுங்கள், திறந்து பார்க்கட்டும். பிறகு மிஞ்சுவதை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். செம்புக்காக லயத்துக் கொல்லையில் வயர்களைக் கொளுத்தும் வேலை வேண்டாம். அந்தப் புகையைச் சுவாசிப்பது அடுத்த வீட்டுக் குழந்தை.