ஒல்லியானவருக்கும் கொலஸ்ட்ரோல் ஏறுவது ஏன்?

இள வயதில் ஒருவர் நெஞ்சு வலியில் போய்விட்டால், துக்க வீட்டில் முதலில் எழும் பேச்சு அவர் என்ன சாப்பிட்டார் என்பதுதான். நாசி லெமாக், தேங்காய்ப்பால், ஆட்டுக்கறி என்று அடுக்குவோம். சி ரூசாவிலும் போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களிலும் விடியற்காலையிலேயே பால்மரம் சீவப் போய், நடந்தே உழைத்த குடும்பங்களுக்கு இந்த விளக்கம் முழுதாகப் பொருந்துவதில்லை. இறந்தவர் மேல் பழி போடுவது நியாயமுமில்லை.

இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை நம் உடம்பே தயாரிக்கிறது. உணவு வழி வருவது குறைவு. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்க, கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் பழுது இருந்தால், எவ்வளவு பத்தியம் இருந்தாலும் எல்டிஎல் இரத்தத்திலேயே தேங்கும். இதுதான் பரம்பரைக் கொலஸ்ட்ரோல் நோய். உலக அளவில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. சிகிச்சை எடுக்காத ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 50 வயதுக்குள் இதய நோய் வந்துவிடுகிறது.

எல்லாருடைய கொலஸ்ட்ரோலும் இப்படி ஒரே மரபணுவால் ஏறுவதல்ல. பெரும்பாலோருக்கு நூற்றுக்கணக்கான சிறு மரபணு வேறுபாடுகள் ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைக்கின்றன. மீதியைச் சோறும் உழைப்பும் முடிவு செய்கின்றன. ஜப்பானியர்களை வைத்து 1960களில் தொடங்கிய ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஜப்பானில் இருந்தவர்களைவிட ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் குடியேறிய ஜப்பானியர்களுக்குக் கொலஸ்ட்ரோல் அதிகம். மரபு ஒன்றே, சாப்பாடு மாறியது. கடல் தாண்டி வந்த நம் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே ஜப்பானில் இன்னொரு பாடமும் உண்டு. சிஇடிபி என்ற மரபணுவின் பழுதால் சிலருக்கு நல்ல கொழுப்பான எச்டிஎல் மிக அதிகமாக இருக்கும். இவர்களுக்கு மாரடைப்பே வராது என்று நம்பினார்கள். அக்கித்தா மாநிலத்தின் ஓமாகரி பகுதியில் ஆராய்ந்தபோது அந்த நம்பிக்கை நிற்கவில்லை. எச்டிஎல் எண் உயர்ந்திருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது.

நம் சொந்தக் கதை பழையது. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் தலைவரான டாக்டர் தனராஜ், சிங்கப்பூர்ப் பிணப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 1959இலேயே எழுதினார்: சீனர்களைவிட இந்தியர்களுக்கு இதய நாள நோய் பல மடங்கு அதிகம். எல்டிஎல் மட்டும் அதற்குக் காரணமல்ல. நீரிழிவு, குறைவான எச்டிஎல் ஆகியவற்றோடு, லிப்போபுரோட்டீன் ஏ என்ற இன்னொரு கொழுப்பும் சேர்கிறது. அதன் அளவைப் பெரும்பாலும் மரபே தீர்மானிக்கிறது. தெற்காசியர்களிடம் அது கூடுதலாகவே காணப்படுகிறது.

மரபு என்றதும் தலைவிதி என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஜப்பானியரான அக்கிரா எண்டோ 1973இல் பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் இன்றைய ஸ்டேட்டின் மாத்திரைகளுக்கு வழி திறந்தது. மரபணுவை மாற்ற முடியாவிட்டாலும் எல்டிஎல்லை இறக்க முடியும். அரசாங்கக் கிளினிக்கிலேயே இந்த மாத்திரை கிடைக்கிறது.

உங்கள் எல்டிஎல் லிட்டருக்கு 4.9 மில்லிமோலுக்கு மேல் இருந்தாலோ, குதிகால் தசைநாண் தடித்திருந்தாலோ, அண்ணன் தம்பி, அப்பா, சித்தப்பாவில் யாருக்காவது 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தாலோ டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஒல்லியாக இருக்கும் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள்.