வாயிற் காவலும் வன்பொருளும்

கணிப்பொறி வலையமைப்புக்களிற் களவாய்ப் புகுவாரைக் கண்டறியும் பொறிகள் பெரியவாய் இருத்தல் வேண்டும் என்பது பலரது எண்ணம். யாம் அதற்கு உடன்படேம். இத்துறையிற் சிக்கனமே வலிமை என்பது எமது துணிபு.

முதற்கண் விரைவின் கணக்கை நோக்குக. 2003-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் பரவிய ஸ்லாமர் என்னும் புழு 376 பைட்டு அளவினதே. அஃது தொடக்கத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இருமடங்காகி, 10 நிமிடத்திற்குள், தான் பற்றத்தக்க கணிப்பொறிகளில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவற்றைப் பற்றிற்று. காவலன் மணியோசை கேட்டு எழுந்து வருமுன் களவு முடிந்தது. இனி, விநாடிக்கு 100 ஜிகாபிட் செல்லும் இணைப்பொன்றில் மிகச் சிறு பொதிகளே இடையறாது வருமாயின், ஒன்றற்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 6.7 நானோவிநாடி. 3 ஜிகாஹெர்ட்ஸ் செயலி அதற்குள் 20 முறையே துடிக்கும். ஆயிரக்கணக்கான விதிகளை அத்துணைச் சிறு பொழுதில் ஒப்பிடல் யாங்ஙனம் கூடும்?

செயலிகளை மேன்மேலும் அடுக்குக என்பர் ஒரு சாரார். மின்செலவை அவர் எண்ணிற்றிலர். விதிகள் யாவற்றையும் சில்லிலே நிலையாகப் பொறித்துவிடுக என்பர் மற்றொரு சாரார். கள்வர் தம் வழியை நாடோறும் மாற்றுதலை அவர் மறந்தனர் போலும்.

1975-ல் ஆஹோ, கொராசிக் என்னும் இருவர், பல சொற்களைப் பாடத்தை ஒருமுறை ஓதும் அளவிலே தேடும் வழியை வகுத்தனர். அவ்வழியில் ஒவ்வொரு நிலைக்கும் 256 கிளை வைப்பின் நினைவகம் பெருகும். 2005-ல் டான், ஷெர்வுட் என்போர் பைட்டைப் பிட்டுக்களாகப் பிளந்து, தனித்தனிச் சிறு பொறிகளிடம் ஒப்புவித்தனர். பொறிக்கு ஒரு பிட்டாயின் நிலை ஒன்றற்குக் கிளை இரண்டே! விதி மாறின் அட்டவணையை மாற்றினாற் போதும். சில்லை மாற்ற வேண்டுவதில்லை. எமக்கு இவ்வமைப்பிற் பெருமகிழ்ச்சி உண்டு.

ப்ளூம் என்பார் 1970-ல் கண்ட சல்லடையும் இத்தகையதே. தன்பாற் சேர்த்த சொல்லை அஃது ஒருபோதும் தப்பவிடாது. சிற்சில வேளை குற்றமற்றதையும் ஐயுறும். ஐயுற்றவற்றை மட்டும் நுண்ணாய்வுக்கு அனுப்பலாம். கிதியோன் 32,000 பேரை இருமுறை சலித்து 300 பேரைக் கொண்டதை விவிலியம் கற்றார் ஈண்டு நினைப்பர். முதற் சல்லடை பருமையாய் இருந்தமையாலன்றோ இரண்டாவது நுண்மையாய் இருத்தல் இயன்றது?

2020-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் முதலாயினோர் வெளியிட்ட பிகாசஸ் என்னும் அமைப்பு, பெரும்பணியை எப்.பி.ஜி.ஏ. என்னும் மாற்றியமைக்கத்தக்க சில்லொன்றிடம் வைத்து, எஞ்சியதைச் செயலியிடம் விட்டது. 100 ஜிகாபிட் விரைவை ஒரே சேவையகம் தாங்கிற்று.

இவற்றுக்கெல்லாம் மறுப்பொன்று உண்டு. இன்று பெரும்பாலான பொதிகள் மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றன. உட்பொருளைப் பொறி படிக்கவியலாது. ஆகலின் வாயிலிலே யாவர் மடலையும் உடைத்துப் படித்துப் பின் ஒட்டுக என்பாரும் உளர். அதனை யாம் ஒவ்வேம். கள்வன் ஒருவனுக்காகக் குடிகள் அனைவரது மறைமொழியும் ஓரிடத்தில் திறந்துகிடப்பின், அவ்விடமே கள்வர்க்குக் கருவூலமாம். பொதியின் அளவு, வரும் காலம், செல்லும் முகவரி ஆகியவை இன்னும் வெளிப்படையாகவே உள்ளன. சிக்கனத்தால் மிச்சமாகும் சில்லின் இடத்தை அவற்றை அளத்தற்கே செலவிடுக.