ஒயினில் மண்ணெண்ணெய் வாசம்

ஒயினைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒன்றும் கிடையாது. ஜெர்மனிக்குப் படிக்க வந்து இரண்டு வருடம் ஆகிறது, அவ்வளவுதான். கூடப் படிக்கும் ஒருவன் போன மாதம் ஒரு ஒயின் கடையில் நடந்த சுவைப்புக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு ஊர் ஒயினிலும் இரண்டு மடக்கு. விழுங்கியே ஆக வேண்டும் என்றில்லை, துப்புவதற்கு மேசை மேலேயே வாளி வைத்திருந்தார்கள். (அம்மா இதைப் படித்தால்: நான் வாளியைத்தான் அதிகம் பயன்படுத்தினேன் :-))

முதல் கோப்பை மொசேல் ஆற்றங்கரையில் விளைந்த ரீஸ்லிங். பத்து வருடத்துக்கு மேல் பழையது. கூட்டத்தை நடத்திய அம்மையார் கோப்பையைச் சுழற்றி முகர்ந்து பார்க்கச் சொன்னார். “என்ன வாசம் வருகிறது?” ஒருவர் பச்சை ஆப்பிள் என்றார். இன்னொருவர் ஆப்ரிகாட் என்றார். எனக்கு வந்ததோ பாட்டி வீட்டு ஸ்டவ் வாசம். ரேஷன் கடையில் கேனில் வாங்கி வருவோமே, அதே மண்ணெண்ணெய்! இதை எப்படிச் சபையில் சொல்வது? அவர் ஒயினைத் திட்டியது போல ஆகிவிடாதா? என் முறை வந்ததும் நானும் “ஆப்பிள்” என்று சொல்லி வைத்தேன்.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு அவர் கேட்டார்: “பெட்ரோல் வாசம் யாருக்குமே வரவில்லையா? வயதான ரீஸ்லிங்கின் அடையாளமே அதுதானே!”

சரியான விடை மூக்கில் இருந்தும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் தப்பாக எழுதிய மாணவன் நிலைமை எனக்கு. அந்த எரிச்சலில்தான் இந்தப் பதிவு.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அந்த வாசத்துக்கு டிடிஎன் என்ற சேர்மம் காரணமாம். திராட்சையில் இருக்கும் கரோட்டினாய்டுகள் சிதைந்து, ஒயினுக்கு வயதாக வயதாக இது கூடுகிறது. ஆக, ஒயின்காரர்கள் அடுக்கும் வாசனைப் பட்டியல் முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. சாவிஞோன் பிளாங்க் ஒயினில் குடைமிளகாய் வாசம் என்பார்கள். குடைமிளகாயில் இருக்கும் பைரசீன் வகைச் சேர்மங்கள் அந்தத் திராட்சையிலும் உண்டு. ஷிராஸ் ஒயினில் மிளகு வாசம் என்பார்கள். ரோட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகிலும் அந்த ஒயினிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். இன்னொன்றையும் சொன்னார்கள். அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் தெரியவே இல்லை! அப்படியென்றால் ஒரே கோப்பையை முகர்ந்து “மிளகு” என்பவரும் உண்மை சொல்கிறார், “ஒன்றும் இல்லையே” என்பவரும் உண்மை சொல்கிறார்.

எனக்குப் பிரச்சினை வேறு இடத்தில். வாசம் பொதுவாக இருக்கலாம், அதற்கு வைத்திருக்கும் பெயர்கள் பொது இல்லை. பெரும்பாலும் ஐரோப்பியச் சமையலறையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் எடுத்தவை. நியூஸிலாந்து மார்ல்பரோ ஒயினில் கூஸ்பெர்ரி வாசம் என்று அட்டையில் போட்டிருந்தது. நம் அகராதிகளைப் புரட்டினால் கூஸ்பெர்ரிக்கு நெல்லிக்காய் என்று இருக்கும். இரண்டும் வேறு செடி, வேறு காய். நெல்லிக்காயை நினைத்துக்கொண்டு அந்தக் கோப்பையை எவ்வளவு முகர்ந்தாலும் ஒன்றும் கிடைக்காது. போர்தோ சிவப்பு ஒயினில் பிளாக்கரண்ட் என்றார்கள். பிளாக்கரண்ட் எனக்கு ஐஸ்கிரீமில் மட்டும்தான் அறிமுகம். நிஜப் பழத்தைப் பார்த்ததே இங்கே வந்த பிறகுதான்.

ஆனால் அதே போர்தோவில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. டானின் என்று ஒன்று. நாக்கையும் ஈறையும் உலர்த்தி இழுத்துப் பிடிக்கும். இதை விளக்க அந்த அம்மையார் ஐந்து நிமிடம் பாடுபட்டார். கம்பளித் துணி என்றார், கடுந்தேநீர் என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. துவர்ப்பு! வாழைப்பூ, நாவல்பழம், கொட்டைப்பாக்கு தின்ற எவருக்கும் இதை விளக்க வேண்டாம். நாம் அறுசுவையில் ஒன்றாகவே எண்ணி வைத்திருப்பதை அவர்கள் உவமை தேடித் தேடிச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் வெறும் பில்டப்பு என்று சொல்பவர்கள் ஒரு பிரெஞ்சு ஆய்வைக் காட்டுவார்கள். 2001-ல் வெளியானது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் படிக்கும் 54 பேரிடம், வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளாலேயே வர்ணித்தார்கள். “பார்த்தீர்களா, எல்லாம் ஏமாற்று!” என்பது வழக்கமான முடிவு. நான் அப்படிப் படிக்கவில்லை. அவர்கள் என்னைப் போன்ற மாணவர்கள். கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. நான் பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சைக் கேட்டு ஆப்பிள் என்றேன், அவர்கள் நிறத்தின் பேச்சைக் கேட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர்ப் பெயருக்கும் இதே மயக்கும் சக்தி உண்டு. 1976-ல் பாரிஸில் பெயரை மறைத்து ஒரு சுவைப்புப் போட்டி வைத்தார்கள். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் வெள்ளை, சிவப்பு இரண்டு பிரிவிலும் கலிஃபோர்னியா ஒயின்கள்தான் முதலிடம் பிடித்தன. புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு தெரிந்திருந்தால் அந்த மதிப்பெண்கள் விழுந்திருக்குமா?

சரி, அப்படியானால் ஊருக்கும் சுவைக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு, அடிப்படையான விஷயங்களில். மொசேல் குளிர் பிரதேசம். அங்கே பழத்தில் புளிப்பு தங்கும், சர்க்கரை குறைவாகச் சேரும். அதிலும் கொஞ்சத்தை நொதிக்க விடாமல் நிறுத்திவிடுவதால் காபினெட் வகை ரீஸ்லிங் பல 8, 9 சதவீத ஆல்கஹாலோடு நின்றுவிடும். ஆஸ்திரேலியாவின் பரோசா வெயில் பூமி. அங்கத்திய ஷிராஸ் சர்வ சாதாரணமாக 14-ஐத் தாண்டும், தொண்டையில் சூடாக இறங்கும். புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, சூடு இந்த நான்கையும் கவனித்தாலே ஒயின் குளிர் நாட்டுக்காரரா வெயில் நாட்டுக்காரரா என்று ஓரளவு ஊகித்துவிடலாம். இதற்கு எந்தப் பழமும் தின்றிருக்க வேண்டியதில்லை.

வாசனை விஷயத்தில் என் கட்சி இதுதான்: அவரவர் மூக்குக்கு ஞாபகம் வருவதைச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபல் 1980-களில் வாசனைச் சக்கரம் ஒன்றை உருவாக்கினார். ‘நேர்த்தி’, ‘கம்பீரம்’ மாதிரியான பிடிபடாத சொற்களைத் தள்ளிவிட்டு, எடுத்து முகர்ந்து பார்க்கக்கூடிய பொருட்களின் பெயராகப் போட்டார். மிளகு என்றால் மிளகை எடுத்து ஒயினில் போட்டு முகர்ந்து ஒப்பிடலாம். அருமையான யோசனை. அந்த வழியிலேயே போனால், அவர் சக்கரத்தில் இல்லாத நாவல்பழமும் பனங்கருப்பட்டியும் சொல்லக் கூடாதவை அல்ல. அவற்றையும் எடுத்து முகரலாமே. கேட்பவருக்குப் புரியாவிட்டால் விளக்கிக்கொள்ளலாம். பிளாக்கரண்ட்டை எனக்கு யாராவது விளக்கித்தானே ஆக வேண்டியிருந்தது?

வெளிநாட்டுக்கு வந்து படிக்கும் பலரும் வகுப்பில் இதே தவறைச் செய்கிறோம் என்று தோன்றுகிறது. தெரிந்ததை நம் சொல்லில் சொல்லக் கூச்சப்பட்டு, நாலு பேர் சொன்ன ஆப்பிளையே நாமும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். இந்த முறை ஆப்பிள் கிடையாது.