மழை கூடினால் மீன் கூடுமா?

கியாக்தான் படித்துறையில் நின்றால் ஆற்று நடுவில் யேலே பகோடா தெரியும். மழைக்காலத்தில் தண்ணீர் பால் விட்ட டீ நிறம். "மழை நல்லா இருக்கு, மீனுக்குக் குறைவில்லை" என்பது இங்குள்ள பேச்சு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

2025 ஏப்ரலில் 'நேச்சர் ஜியோசயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு அதை அசைத்துவிட்டது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் கௌஸ்துப் திருமலை தலைமையிலான குழு, வங்காள விரிகுடாவின் அடிச்சேற்றில் கிடக்கும் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளை ஆராய்ந்தது. 22,000 ஆண்டுக் கதை அது. பருவமழை மிகவும் தளர்ந்த காலத்திலும் சரி, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மிகவும் வலுத்த காலத்திலும் சரி, கடலின் மேற்பரப்பில் உணவு சரிந்திருக்கிறது.

மழை குறைந்தால் காற்றும் சுணங்கும், கடலைக் கலக்க ஆளில்லை. கூடினால் ஏன்? ஐராவதியும் கங்கையும் கொட்டும் நன்னீர் லேசானது. உப்புநீரின் மேல் போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும். அடியில் இருக்கும் நைட்ரேட் மேலே வராது, மிதவைப் பாசி பட்டினி, அதைத் தின்னும் மீனும் பட்டினி.

பாசி சத்தை எவ்வளவு தின்று தீர்த்தது என்பதற்கும் ஓட்டிலேயே சாட்சி உண்டு. நைட்ரஜனில் 14, 15 என்று இரண்டு வகை. பந்தியில் பிடித்ததை முதலில் காலி செய்வதுபோல பாசி லேசான 14-ஐயே முதலில் எடுக்கும். சத்து தீரத் தீர மிச்சத்தில் 15-இன் பங்கு ஏறும், ஓட்டுக்குள் சிக்கிய நைட்ரஜனிலும் ஏறும். ஆனால் ஆக்சிஜன் குறைந்த நீரில் நைட்ரேட் அழிந்தாலும் இதே எண் ஏறும். ஆகவே இந்த ஒரு அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

உலகக் கடல் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத இந்த விரிகுடா, உலக மீன்பிடிப்பில் ஏறக்குறைய 8 சதவீதம் தருகிறது. உல்லம் மீனுக்குத் தடைக்காலம், வலைக்கண் அளவு என்று பேசுகிறோம். கடலின் சத்துக் கணக்கையும் அதே மேசையில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் 2014 கடைசியில் துளையிடப் போன 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' கப்பல் 2024-இல் ஓய்வு பெற்றுவிட்டது. இந்தியப் பெருங்கடல் சேற்றுத் தூண்கள் இருப்பது ஜப்பானின் கோச்சியில் (நம்ம கொச்சி இல்லை). யாங்கோன், சென்னை, டாக்கா மாணவர்கள் நாலு பேர் அங்கே போய் அதைச் சலித்துப் பார்க்கப் பணம் ஒதுக்குவது இந்த அரசுகளுக்குப் பெரிய செலவா?