"பையன் வாயே திறக்க மாட்டேங்கிறான் டாக்டர்"

கொஞ்சம் நீளமான த்ரெட். கடுப்புல எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

பிள்ளைச்சாவடியில இருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) அந்த ஊர்லயே, ஈசிஆர் ஓரமா, பொறியியல் கல்லூரியா இருந்து 2020-ல பல்கலைக்கழகமான பெரிய கேம்பஸ் இருக்கு. அங்க சீட் கிடைக்கல. அதனால பாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து வில்லியனூர் பக்கம் இன்னொரு பஸ்னு வேற காலேஜுக்குப் போறான். முதல் செமஸ்டர்ல ரெண்டு அரியர். இப்போ தலைவலி, தூக்கமில்லை.

காலேஜ்ல அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க: "உங்க பையன் இன்ட்ரோவர்ட். பர்சனாலிட்டிய மாத்தினாதான் தேறுவான்." அதுக்கு ரெண்டு நாள் ட்ரெயினிங், 3,500 ரூபாய். மீன் வித்த காசுல கட்டிட்டாங்க.

கூச்ச சுபாவம் இருந்தா மார்க் வராதுன்னு எவன் சொன்னான்?

ஆர்தர் போரோபாட்னு ஒரு ஆஸ்திரேலிய ஆய்வாளர், 70,000-க்கும் அதிகமான மாணவர்களோட தரவுகளைத் தொகுத்து 2009-ல வெளியிட்டார். மார்க்கோட உருப்படியா ஒத்துப்போன குணம் ஒண்ணுதான்: எடுத்த வேலைய ஒழுங்கா, நேரத்துக்கு முடிக்கிறது. கலகலப்பா பேசுறதுக்கும் மார்க்குக்கும் சொல்லிக்கிற மாதிரி தொடர்பே இல்ல. அந்த ஒரு குணம்கூட, மாணவர்களுக்குள்ள இருக்கிற மார்க் வித்தியாசத்துல சுமார் 5% தான் விளக்குது. மீதிக்கு வேற காரணங்கள் இருக்கு. அந்தக் காரணங்களைத் தேட சோம்பேறித்தனப்பட்டுத்தான் "உன் குணம் சரியில்ல"ன்னு புள்ளைங்க தலையில கட்டுறோம்.

இந்தப் பையன்கிட்ட ரெக்கார்ட் நோட்டைக் காட்டச் சொன்னேன். முத்து முத்தான கையெழுத்து, ஒரு தேதி விடல. வருகைப் பதிவு 90-க்கு மேல. ஆய்வு சொல்ற குணம் அவன்கிட்ட ஏற்கெனவே இருக்கு சார்!

அப்புறம் ஏன் அரியர்? காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறேன்னு கேட்டேன். நாலு மணி. அப்பா படகு கரை ஏறுற நேரம். மீனைப் பிரிச்சு, வலையை உதறிட்டு, ஏழு மணிக்கு பஸ். ராத்திரி படுக்க பதினொன்றரை. நாலரை மணி நேரத் தூக்கம். அந்த வயசுக்கு ஏழு மணி நேரமாவது வேணும். வீட்டுக்குப் பின்னாடி கடல் அரிப்பு வேற. புயல் எச்சரிக்கை வந்தா புத்தகத்தோட சித்தி வீட்டுக்கு ஓடணும். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இங்க கணக்கு வாத்தியார் இங்கிலீஷ்ல பறக்கிறார். இதெல்லாம் எந்த பர்சனாலிட்டி டெஸ்ட்ல வரும்?

ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். பெல்ஜியத்துல 1997-ல சேர்ந்த மருத்துவ மாணவர்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க. முதல் வருஷங்கள்ல கலகலப்பான பசங்க மார்க்ல கொஞ்சம் பின்தங்கினாங்க. நோயாளிகளைப் பாக்கிற கடைசி வருஷங்கள்ல அதே குணம் கைகொடுத்துச்சு. அதனால பேசத் தெரியணும்தான், இல்லைன்னு சொல்லல. நானே வைவால எச்சில் முழுங்கிட்டு நின்னவன். ஆனா பேச்சு ஒரு பழக்கம். தினம் பத்து நிமிஷம் வகுப்புல, தமிழ் கலந்தாலும் பரவாயில்லைன்னு பேச விட்டா வரும். கோட் போட்டவர் ரெண்டு நாள் மைக்ல கத்தி, "பயத்தை உடை"ன்னு கைதட்டச் சொன்னா வராது.

தூக்க மாத்திரை எழுதல. அப்பாகிட்ட பேசி, வாரத்துல நாலு நாள் வலை வேலைக்கு வேற ஆள் பாக்கச் சொல்லியிருக்கேன். ஒத்துக்கிட்டார், வருமானம் குறையும்னு தெரிஞ்சே.

இதைப் படிக்கிற லெக்சரர்ங்ககிட்ட ஒண்ணு கேக்கிறேன். அரியர் வச்ச பையனை "இன்ட்ரோவர்ட்"னு எழுதுறதுக்கு முன்னாடி எத்தனை மணிக்கு எழுந்தான், எத்தனை பஸ் மாறினான், என்ன சாப்பிட்டான்னு கேளுங்க. நிர்வாகத்துக்கு: தலைக்கு 3,500 வாங்குறீங்கள்ல, அந்தக் காசுல சாயங்காலம் தமிழ்ல விளக்கி ஒரு கணக்கு வகுப்பு வைங்க. கடைசி பஸ் போறதுக்குள்ள முடிச்சு விடுங்க.