கொல்லப்பட்டவரைக் கூண்டில் ஏற்றாதீர்கள்

"நெருப்பில்லாமல் புகையுமா?" ஒரு பெண் கொலையுண்ட செய்தி வந்ததுமே இந்தக் கேள்வியும் கிளம்பிவிடுகிறது. புனே அருகே, நிக்டி பிராதிகரணின் வடாபாவ் கடை வாசலில் கேட்கிறது. எங்கள் தமிழ்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்கிறது. "பழக்கம் ஏதாவது இருந்திருக்கும்", "வீட்டில் கண்டித்து வளர்க்கவில்லை போல." கூடவே, அந்தப் பெண் எப்போதோ சிரித்தபடி முகநூலில் போட்ட படம் கைமாறிக்கொண்டிருக்கும். கொலையானவர் பக்கமும் ஏதோ தப்பு இருந்திருக்கும் என்ற இந்த நம்பிக்கை அபத்தமானது, இரக்கமற்றது.

நிக்டிக்குப் பக்கத்தில்தான் தளவடே. 2016 டிசம்பர் 23 இரவு, அங்கே மென்பொருள் நிறுவனத்தில் வேலை முடிந்து கிளம்பிய 23 வயதுப் பெண் சாலையில் கொல்லப்பட்டார். ஐந்து வாரம் கழித்து, 2017 ஜனவரி 29 அன்று, ஹிஞ்சவடியில் இன்னொரு பெண் பொறியாளர் தன் அலுவலகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். கைதானவர் அந்தக் கட்டடத்தின் காவலாளி. அதற்கும் முன்பே, 2016 ஜூன் 24 காலையில், சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக வண்டிக்குக் காத்திருந்த பெண் வெட்டிக் கொல்லப்பட்டார்.

"நாங்கள் குறை சொல்லவில்லை, நம் வீட்டிலும் பெண் பிள்ளை இருக்கிறதே, எச்சரிக்கைக்காகக் கேட்கிறோம்" என்பார்கள். என்ன எச்சரிக்கை? ஒருவர் வேலை முடிந்து வீடு திரும்பினார். ஒருவர் காவல் போட்ட கட்டடத்தில் தன் இருக்கையில் இருந்தார். ஒருவர் பட்டப்பகலில், ஆள் நடமாட்டமுள்ள நடைமேடையில் நின்றார். எந்தப் பெற்றோர் இவற்றைத் தடுத்திருப்பார்கள்? உண்மையில் இந்தக் கேள்வி நம்மைத்தான் ஆறுதல்படுத்துகிறது. அவர் ஏதோ செய்தார், நாம் செய்யவில்லை, ஆகவே நமக்கு வராது. அந்தப் பொய் நிம்மதிக்கு இறந்தவரின் மானத்தை விலையாகக் கொடுக்கிறோம்.

நுங்கம்பாக்கத்தில் நடந்ததை மறக்க முடியுமா? அந்தப் பெண்ணின் உடல் சுமார் இரண்டு மணி நேரம் மூடப்படாமல் கிடந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. உடலை மூடிய பிறகும் ஊர் வாய் மூடவில்லை. சாதி என்ன, மதம் என்ன, யாரைக் காதலித்தார் என்று வாரக்கணக்கில் அலசினார்கள். கைதான இளைஞர் அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று புழல் சிறையில் இறந்தார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. அவரையும் சாதி சொல்லியே பேசினார்கள். தீர்ப்பு எழுதப்படாத ஒருவரின் சாவைக் கொண்டாடுவதும் அதே ஈனம்தான்.

இறந்தவரைப் பழிப்பதைச் சட்டமும் சும்மா விடவில்லை. இறந்தவரின் பெயரைக் கெடுத்து அவர் குடும்பத்தாரை நோகடிக்கும் நோக்கத்தோடு பேசினால் அது அவதூறாகலாம் என்று 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே சொன்னது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவும் அதைச் சொல்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்தா துக்க வீட்டில் அடக்கமாக உட்காருகிறோம்? மகளைப் பறிகொடுத்த தாயின் முன்னால் போய் "யாரோடு பழகினாள்?" என்று கேட்க நம்மில் யாருக்கும் நா எழாது. அந்தத் தாயின் கைபேசிக்கும் நம் பேச்சு போய்ச் சேரும் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

வாயைப் பொத்திக்கொண்டிருங்கள் என்று நான் சொல்லவில்லை. கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை செய்வது 2013-இல்தான் தனிக் குற்றமானது. முதல் முறை பிடிபட்டால் அது இன்றும் ஜாமீனில் விடக்கூடிய குற்றமே. ஏன்? ஒரு பெண் புகார் சொன்னால் நிறுவனம் அன்றே என்ன செய்கிறது? இரவுப் பணி முடிந்தவரை வீடு வரை கொண்டு சேர்ப்பது யார் பொறுப்பு? இவற்றை போலீஸிடமும் முதலாளியிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.