பெயர் அல்ல, வரிசை

ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதோடு பெயரின் வேலை முடிந்துவிடுவதில்லை. நாளைக்கும் அதே பொருளை அடையாளம் காட்ட வேண்டும். இந்த எளிய உண்மையை மறந்ததற்கு நாம் கொடுத்த விலை மூன்று வார உழைப்பு.

பழைய இதழ்களின் பக்கங்களை ஒளிவருடிச் சேமித்துவந்த லினக்ஸ் வழங்கி ஒன்று நம் பொறுப்பில் இருந்தது. அதில் 36 வன்தட்டுகள். தற்காலிகத் தட்டு ஒன்றை வாரந்தோறும் அழித்துப் புதுப்பிக்கும் சிறுநிரலில், அத்தட்டை ‘எஸ்டிஎஃப்’ என்று எழுதிவைத்திருந்தோம். மின்தடைக்குப் பின் வழங்கி எழுந்த ஓரிரவில், முன்வரிசைத் தட்டு ஒன்று விழிக்கவில்லை. அதற்குப் பின்னிருந்தவை எல்லாம் ஓரெழுத்து முன்னே நகர்ந்தன. நிரல் சொன்னதைத் தவறாமல் செய்தது. அழிந்தவை நம் பக்கங்கள்.

லினக்ஸைக் குறை சொல்வது எளிது, நியாயமன்று. ‘எஸ்டி’ என்பதை அடுத்து வரும் எழுத்துகள் கெர்னல் தட்டுகளைக் கண்டுகொண்ட வரிசையைக் குறிக்கின்றன, அவ்வளவே. 26 தட்டுகள் முடிந்ததும் ‘எஸ்டிஏஏ’ தொடங்கும். 702ஐத் தாண்டினால் மூன்றெழுத்து வரும். அடுத்த முறையும் இதே வரிசை அமையும் என்று கெர்னல் வாக்களித்ததில்லை. பெரிய சேமிப்பகங்களில் குழப்பம் மேலும் பெருகும். ஒரே சேமிப்புப் பகுதிக்கு நான்கு பாதைகள் இருந்தால் அது நான்கு பெயர்களில் தோன்றும். மல்ட்டிபாத் அவற்றை ஒன்றாக்கும். ஆனால் அது சூட்டும் ‘எம்பாத்ஏ’ என்ற பெயர், பிணைப்புக் கோப்பு பொதுவாக இல்லாதபோது, இரு வழங்கிகளில் இரு வேறு தட்டுகளைக் குறிக்கக்கூடும்.

2003இல் தோன்றிய யூடெவ் இதற்கு வழிசெய்தது. அது நிலையான பெயர்களைப் பல வகையாகத் தருகிறது. முதல் வகை, தட்டின் தொடர் எண்ணையோ உலகளாவிய அடையாள எண்ணையோ கொண்டது. இரண்டாவது, தட்டு செருகப்பட்ட பாதையைக் கொண்டது. தட்டையே மாற்றினாலும் இப்பெயர் மாறாது. மூன்றாவது, கோப்பு முறைமைக்குள் எழுதப்பட்ட 36 குறிகள் கொண்ட யூயூஐடி.

இம்மூன்றாவதைக் காணும்போது நமக்குச் செம்புலப்பெயனீரார் நினைவுக்கு வருகிறார். இயற்பெயர் தெரியாத அப்புலவருக்குக் குறுந்தொகையில் அவர் பாடிய பாட்டின் தொடரே பெயராயிற்று. பாட்டு எங்கே சென்றாலும் பெயரும் உடன் செல்லும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது: படியெடுத்தால் பெயரும் படியாகிவிடும். தட்டை அப்படியே நகலெடுத்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி. எக்ஸ்எஃப்எஸ் அவ்விரண்டையும் ஒருசேர ஏற்ற மறுக்கும். எல்லாக் கோப்பு முறைமைகளும் அவ்வளவு எச்சரிக்கை கொண்டவையல்ல.

இத்தனை நீண்ட பெயர்களை மனிதர் எப்படி நினைவில் வைப்பது என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. நள்ளிரவில் தொலைபேசி வழியே 36 குறிகளைப் படித்துக்காட்ட யாராலும் முடியாது. சுருக்கமான பெயர் வேண்டுமெனில் நாமே இட்டுக்கொள்ளலாம். மல்ட்டிபாத்தும் அதற்கு இடம் தருகிறது. அப்பெயரை அடையாள எண்ணோடு பிணைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இன்று நம் ஏற்றப் பட்டியலில் யூயூஐடிகள் மட்டுமே உள்ளன. அழிக்கும் நிரல், தட்டின் தொடர் எண் பொருந்தாவிடில் நின்றுவிடும். ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் அதே எண்ணைத் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம். சிக்கல் எழுந்தால் முதலில் அத்தாளையும் திரையையும் ஒப்பிடுகிறோம். பிறகே கட்டளையில் கை வைக்கிறோம்.

மூன்று வாரப் பக்கங்களை மீண்டும் ஒளிவருடினோம். மூல இதழ்கள் கைவசம் இருந்தமையால் அது முடிந்தது. அச்சுப்படி அழிந்து மின்படி மட்டுமே எஞ்சிய நூல்களுக்கு அந்த வாய்ப்புக் கிடையாது.